குறைத்துக் கேட்பது குற்றமல்ல

பழைய பொருள்கள் கைமாறும் இணையச் சந்தைகளில் இப்போது பல விளம்பரங்களின் கடைசி வரி எச்சரிக்கையாகவே இருக்கிறது. ‘விலை இறுதியானது. பேரம் பேசுபவர்கள் மெசேஜ் அனுப்ப வேண்டாம்.’ சிலர் இன்னும் சூடாக, ‘வசதி இல்லாதவர்கள் என் நேரத்தை வீணாக்காதீர்கள்’ என்றே எழுதிவிடுகிறார்கள். ‘லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?’ என்று கேட்ட முகம் தெரியாத ஒருவரின் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நாலு பேர் சிரிப்பதற்காகப் பொதுவில் போடுகிறார்கள். இதற்கெல்லாம் அடியில் ஒரே கருத்துதான் இருக்கிறது. பேரம் என்பது நாகரிகம் வராத காலத்துச் சந்தைப் பழக்கம், விற்பவரை மட்டம் தட்டும் செயல், நேர விரயம். எல்லாருக்கும் ஒரே விலை என்பதே நேர்மை, அதுவே சமத்துவம். படித்தவர்கள் நடுவில் இதை மறுத்துப் பேச ஆளில்லை.

நான் மறுக்கிறேன். குறைத்துக் கேட்பவரைக் கேவலமாகப் பார்க்கும் இந்த மனப்போக்கு, வாங்குபவரின் கையில் மிச்சமிருக்கும் ஒரே உரிமையைப் பிடுங்குகிறது. விற்பவருக்கும் அதனால் லாபமில்லை.

முதலில் இந்த ஒரே விலையின் வயதைப் பார்க்கலாம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற சமயப் பிரிவினர், ஒரு விலை சொல்லி வேறு விலைக்குக் கொடுப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதிப் பேரத்தை விட்டொழித்தார்கள். அது மனச்சாட்சி சார்ந்த முடிவு, மதிக்கத் தக்கது. ஆனால் ஒரே விலையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவை 19-ஆம் நூற்றாண்டின் பெருங்கடைகள். 1846-இல் நியூயார்க்கில் ஏ.டி. ஸ்டூவர்ட் திறந்த பளிங்கு மாளிகை, 1852-இல் அரிஸ்டிட் பூசிகோ பங்குதாரராகச் சேர்ந்த பாரிஸின் போன் மார்ஷே, பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வானமேக்கரின் கடை. அங்கெல்லாம் சம்பளத்துக்கு நிற்கும் சிப்பந்திகள் ஏராளம். எந்தத் துணிக்கு என்ன அடக்கம், எதுவரை இறங்கலாம் என்பது முதலாளிக்குத் தெரியும், புதிதாகச் சேர்ந்த பையனுக்குத் தெரியாது. அவனை நம்பிப் பேரத்தை ஒப்படைக்க முடியாததால் விலைச்சீட்டு வந்தது. வாங்குபவருக்கும் அதில் நிம்மதி கிடைத்தது, மறுக்கவில்லை. என்றாலும் பெரிய கடையை நடத்துவதற்கு ஏற்பட்ட ஒரு நிர்வாக வசதியை மனித குலத்தின் ஒழுக்க வளர்ச்சி என்று கும்பிட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பொட்டலப் பொருள்கள் மீது எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990-இல்தான் வந்தது. பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி அந்தச் சொல்லை நிதானமாகப் படியுங்கள். ‘அதிகபட்ச’ என்று இருக்கிறது. இதற்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் கவலை. இதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கேட்கலாம். விலை இதுதான், வாயைத் திறக்காதே என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

சரி, ஒரு சோப்புக்கட்டியில் பேரம் பேச என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அந்தச் சோப்பு தூத்துக்குடியிலும் அதே சோப்பு, திருத்தணியிலும் அதே சோப்பு. பழைய பொருளின் கதை வேறு. ஓராண்டு ஓடிய குளிர்பதனப் பெட்டி இரண்டு வீடுகளில் இருந்தால் அவை இரண்டு வேறு பொருள்கள். ஒன்று ஏழு பேர் குடும்பத்தில் கதவு ஓயாமல் திறந்து மூடப்பட்டது, மற்றொன்று தனியாள் வீட்டில் தண்ணீர் பாட்டிலும் தயிரும் மட்டும் வைத்திருந்தது. இவற்றுக்கு ‘சந்தை விலை’ என்று ஒன்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. விற்பவர் போடும் எண்ணே ஓர் ஊகம். தான் கொடுத்து வாங்கிய தொகை, பொருள் மேல் உள்ள பாசம், பக்கத்து விளம்பரத்தில் பார்த்த எண் எல்லாம் கலந்து உருவான ஊகம். ஓர் ஊகத்துக்கு இன்னொரு ஊகத்தால் பதில் சொல்வதில் அவமதிப்பு எங்கே வந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். விளம்பரத்தில் 46,000 ரூபாய் போட்டிருந்தது. விற்றவர் பணி ஓய்வு பெற்ற பெரியவர், அம்பத்தூர்ப் பக்கம். “40-க்கு முடிச்சுக்கலாமா சார்?” என்று எழுதினேன். கோபம் வரவில்லை அவருக்கு. “ஏன் தம்பி, வண்டி கண்ணாடி மாதிரி இருக்கே, எதுக்குக் குறைக்கணும்?” என்று கேட்டார். எதற்கு என்று அவர் கேட்டதால் நான் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. டயர் தேய்ந்திருப்பது படத்திலேயே தெரிகிறது என்றேன். அவர் ஒத்துக்கொண்டு, கூடவே நான் கேட்காத ஒன்றையும் சொன்னார்: “இன்சூரன்ஸ் போன மாசம் முடிஞ்சிடுச்சு தம்பி. அதையும் சொல்லிடறேன்.” அப்படியானால் கடன் பாக்கி ஏதாவது உண்டா என்று கேட்டேன். கடனை அடைத்து இரண்டு வருடம் ஆகிறது, ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை என்று தெரிந்தது. அதை நீக்காமல் வண்டியை என் பெயருக்கு மாற்ற முடியாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். அவருக்கு அந்த விவரமே தெரிந்திருக்கவில்லை.

முடிவில் 42,500-க்குப் படிந்தது. வங்கிச் சான்றை அவர் வாங்கித் தர வேண்டும், ஆர்.டி.ஓ. வேலைக்கான செலவு என்னுடையது, சர்வீஸ் புத்தகத்தோடு ஒரு ஹெல்மெட் கொசுறு. நான் முதலில் கேட்டது 6,000 ரூபாய்க் குறைப்பு. எனக்குக் கிடைத்தது 3,500 ரூபாயும், அதைவிடப் பெறுமதியான மூன்று தகவல்களும். ‘விலை இறுதியானது’ என்ற ஒற்றை வரியை ஏற்று 46,000-ஐ அனுப்பியிருந்தால் வங்கி பெயரோடு கூடிய ஆர்.சி.யை வைத்துக்கொண்டு பல மாதங்கள் அலைந்திருப்பேன். அந்தப் பெரியவரும் என்னை ஏமாற்றிய மனிதராக என் நினைவில் தங்கியிருப்பார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. யாரும் கேட்காததால் சொல்லத் தோன்றாத ஒருவர், அவ்வளவுதான்.

பொருளியலில் இதற்கு ஓர் அடிப்படை உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகத்தோடு பார்த்துச் சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகுவார், கடைசியில் ஓட்டை வண்டிகளே சந்தையில் மிஞ்சும். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அந்த அறியாமையைக் குறைக்க வாங்குபவருக்கு இருக்கும் மலிவான கருவி கேள்வி. கேள்விக்குக் கதவைத் திறப்பது பேரம். மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையில் களப்பணி செய்து 1978-இல் எழுதியதும் இதை ஒட்டியதே. அந்தச் சந்தையில் மிக அரிதான சரக்கு தகவல். பேரம் விலையோடு நிற்பதில்லை. தரம், அளவு, கடன் தவணை எல்லாம் அதில் ஓடுகின்றன என்று அவர் விளக்கினார்.

செஃப்ரூ வரை போக வேண்டியதுகூட இல்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். வாய் பேசாது, விரல்கள் விலை பேசும். விரலைப் பிடிப்பதிலும் விடுவதிலும் ஆயிரங்கள் ஏறி இறங்கும். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்தத் துண்டு ஏன்? நான் எவ்வளவு குறைத்துக் கேட்டேன் என்பதும், நீங்கள் எவ்வளவு இறங்கி வந்தீர்கள் என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக. படியாவிட்டால் யாருக்கும் தலைகுனிவில்லை; இருவரும் அடுத்த ஆளிடம் போகலாம். இரு தரப்பின் மானத்தையும் காக்கும் ஏற்பாடு அது. ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் உள்ள சாட் பெட்டி இன்றைய துண்டு. அதற்குள் ஒருவர் நம்பிக் கேட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் சிரிக்க வைப்பவர், நடுச் சந்தையில் துண்டை உருவி எறிகிறார். நாகரிகம் இல்லாதவர் யார் என்று கேட்டால், சந்தைக்காரர்கள் அவரைத்தான் காட்டுவார்கள்.

நேரம் வீணாகிறது என்ற புகாருக்கு வருகிறேன். 1995-இல் ஏலத் தளமாகத் தொடங்கிய ஈபே, வாங்குபவர் தன் விலையைச் சொல்லும் ‘பெஸ்ட் ஆஃபர்’ வசதியைப் பின்னர் சேர்த்தது. அதில் நடந்த பேரங்களை, இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை வைத்து, பேக்கஸ், பிளேக், லார்சன், டடெலிஸ் ஆகிய ஆய்வாளர்கள் அலசினார்கள். 2020-இல் அந்த ஆய்வு வெளியானது. பேரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் வாக்கிலேயே படிந்துவிட்டது. மற்றவை படியாமல் போயின அல்லது இழுத்துப் படிந்தன. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. ஒருவர் இறங்கி வந்தால் மற்றவரும் இறங்கி வருகிறார். இரண்டு விலைக்கும் சரிபாதியில் நிற்கும் தொகையைச் சொல்லவும் ஏற்கவும் மனிதர்கள் விரும்புகிறார்கள். முகம் தெரியாத, இனி ஒருபோதும் சந்திக்கப்போகாத இருவர் இப்படி நடக்கிறார்கள். ‘உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நடுவில் வா’ என்று நம் சந்தைகளில் காலங்காலமாகக் கேட்கும் குரல், அத்தனை பெரிய தரவிலும் கேட்டிருக்கிறது.

அதே தளத்தில் நடந்த இன்னோர் ஆய்வு விற்பவர்களுக்கு நேரடியாக உதவும். 100 டாலர், 200 டாலர் என்று முழு எண்ணாக விலை போட்டவர்களுக்கு, அதை ஒட்டிய துல்லியமான எண் போட்டவர்களைவிட 5 முதல் 8 சதவீதம் குறைவான தொகைதான் கேட்கப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வி 6 முதல் 11 நாள் முன்னதாகவே வந்தது; பொருள் விலைபோகும் வாய்ப்பும் சற்றுக் கூடியது. முழு எண், ‘பேசலாம் வாங்க’ என்ற அழைப்பாக வேலை செய்கிறது. வீட்டைக் காலி செய்ய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, கட்டிலையும் பீரோவையும் அதற்குள் விற்றாக வேண்டும் என்பவருக்கு இந்தப் பதினோரு நாள் எவ்வளவு பெரியது! பேரத்துக்குக் கதவை அடைத்தவர், கடைசி நாளில் காயலான் கடைக்காரர் சொன்ன விலைக்கு அதே பீரோவைத் தள்ளிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதம் சமத்துவம். பேரத்தில் வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன் ஜெயிக்கிறான், கூச்சப்படுபவர் ஏமாறுகிறார், ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்கிறார்கள். இது உண்மை. இயன் அயர்ஸ் 1991-இல் வெளியிட்ட சிகாகோ ஆய்வு இதைக் கையும் களவுமாகப் பிடித்தது. ஒரே மாதிரி உடையணிந்து, ஒரே மாதிரி பேசப் பயிற்சி பெற்றவர்களைக் கார் விற்பனையகங்களுக்கு அனுப்பினார். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் விலை கூடச் சொல்லப்பட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கும் வெளியூர்க்காரருக்கு என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் இது முகம் பார்த்து விலை சொல்வதன் குற்றம். அமெரிக்காவில் இணையம் வழியாகக் கார் வாங்கியவர்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, சிறுபான்மையினர் நேரில் கூடுதலாகக் கொடுத்த தொகை பெரும்பாலும் மறைந்திருந்தது. வாய் எழாத பெண்ணும், கூச்ச சுபாவமுள்ள இளைஞனும், நாலு வரியை யோசித்து, அழித்து, திருத்தி எழுதி அனுப்ப இணையம்தான் இடம் தருகிறது. அந்த இடத்தில் போய் ‘பேரம் பேசாதே’ என்று பலகை மாட்டுகிறோம்.

இனி, நாம் இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் ‘ஒரே விலை’ உண்மையிலேயே ஒரே விலைதானா? 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில், அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு வெவ்வேறு விலைக்கு விற்றது அம்பலமானது. ஆளைப் பார்த்து வைத்த விலை இல்லை, தற்செயலாகச் செய்த சோதனை என்று விளக்கமளித்து, கூடுதலாகக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2025 ஜனவரியில், ஒரே பயணத்துக்கு ஐபோனில் ஒரு கட்டணமும் ஆண்ட்ராய்டில் வேறு கட்டணமும் காட்டப்படுகிறது என்ற புகாரின் பேரில் ஓலாவுக்கும் ஊபருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இரு நிறுவனங்களும் மறுத்தன. அதே ஆண்டு மே மாதத்தில், வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்கும் வழக்கத்துக்காக ஊபருக்கு மீண்டும் நோட்டீஸ் போனது. 2023 நவம்பர் 30-இல் இந்த ஆணையம் அறிவிக்கை செய்த வழிகாட்டுதல்கள், இணையத்தில் நுகர்வோரை மடக்கும் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. ‘இன்னும் இரண்டே இரண்டு இருக்கு’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, பணம் கட்டும் கடைசிப் படியில் புதுக் கட்டணங்களைச் சேர்ப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் உண்டு.

இவை அனைத்தும் பேரம்தான். ஒரு தரப்பு மட்டும் பேசும் பேரம். மழை பெய்தால், நள்ளிரவானால் கட்டணத்தை ஏற்றிக் கேட்கும் உரிமை செயலிக்கு உண்டு. குறைத்துக் கேட்க நமக்குப் பொத்தான் இல்லை. இதற்குப் பழகிப்போன நாம், பழைய சைக்கிளுக்கு 500 ரூபாய் குறைத்துக் கேட்ட பக்கத்துத் தெருக்காரரைப் ‘பிச்சைக்காரப் புத்தி’ என்கிறோம்.

சைபீரியாவில் யாக்குட்ஸ்க் என்றொரு நகரம். 2012 முடிந்து 2013 பிறந்த குளிரில், வெப்பநிலை மைனஸ் 45 டிகிரிக்கு இறங்கியபோது அங்கே டாக்சிக் கட்டணம் திடீரென்று ஏற்றப்பட்டது. கொதித்துப்போன மக்கள் ஒரு சமூக வலைத்தளக் குழுவில் ஒன்றுகூடினார்கள். ‘இங்கிருந்து அங்கே போக வேண்டும், இவ்வளவு தருகிறேன்’ என்று பயணி எழுதுவார். ஒப்பும் வண்டிக்காரர் வருவார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று இந்திய நகரங்களிலும் ஓடும் இன்டிரைவ் செயலி. நிர்ணயித்த கட்டணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தபோது, அந்த மக்கள் தேடிப்போனது பேரத்தை.

இந்த இடத்தில் கீரைக்கார அம்மாவை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ‘மாலில் கேட்ட விலை கொடுக்கிறாய், கூடைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறாய்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரை. அதில் பாதியை ஏற்கிறேன். வெயிலில் உட்கார்ந்து நாலு கட்டுக் கீரை விற்பவரிடம் கசக்கிப் பிழிவது தப்பு. கைத்தொழில் செய்து இணையத்தில் விற்கும் பெண்ணிடம் அவருடைய உழைப்பைப் பாதியாக மதிப்பிடுவதும் தப்பு. ஆனால் அந்த அறிவுரையின் மறுபாதியை யாரும் கவனிப்பதில்லை. மாலில் கேட்ட விலையைக் கொடுப்பதுதானே அங்கே சொல்லப்படும் முதல் குறை? அதைத் திருத்த யாராவது கிளம்பினார்களா? பெரியவர்களிடம் பேரம் பேசத் தைரியம் வர வேண்டும் என்று முடிய வேண்டிய அறிவுரை, யாரிடமும் பேசாதே என்று திரிந்துவிட்டது. கூடைக்காரம்மாவும் இந்த வாதத்துக்குள் வர மாட்டார். ‘கட்டாதுப்பா’ என்று கறாராகச் சொல்லவும், போணி நேரத்தில் ஒரு பிடி அள்ளிப் போடவும் அவருக்கே தெரியும். பேரத்தில் அவர் கைதேர்ந்தவர், நம் இரக்கம் தேவைப்படும் அப்பாவி இல்லை.

பேரத்தின் பெயரால் நடக்கும் அயோக்கியத்தனங்களை நான் காக்க வரவில்லை. 20,000 ரூபாய்ப் பொருளைக் காரணமே சொல்லாமல் அடிமாட்டு விலைக்குக் கேட்பது பேரத்தில் சேராது. அதைவிட மோசமானது வாசல் பேரம். செய்தியில் 12,000-க்கு ஒப்புக்கொள்வார். நீங்கள் மற்றவர்களுக்கெல்லாம் ‘விற்றாயிற்று’ என்று சொல்லிவிடுவீர்கள். அவர் குட்டியானையோடு வீட்டு வாசலில் வந்து நின்று, “9,000தான் இருக்கு, வேணும்னா எடுத்துக்கிறேன்” என்பார். இது வாக்கு மீறல். இப்படிச் செய்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள், வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். பேசிப் படிந்த பிறகு மாறக் கூடாது என்பது எல்லாச் சந்தைக்கும் பொதுவான சட்டம்.

விற்பவர்களுக்கு இன்னொன்று. கொஞ்சம்கூடக் குறைத்துக் கேட்காத வாங்குபவர் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். இந்தியா முழுக்கக் காவல் துறையினர் எச்சரித்துவரும் மோசடி ஒன்று உண்டு. ராணுவத்தில் இருப்பதாகவும் இடமாற்றம் வந்திருப்பதாகவும் சொல்வார். பொருளைப் பார்க்க வர மாட்டார், டயரைப் பற்றிக் கேட்க மாட்டார், போட்ட விலைக்கு உடனே சரி என்பார். ‘முன்பணம் அனுப்புகிறேன்’ என்று ஒரு கியூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டதும் பணம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. டயர் தேய்ந்திருக்கிறது, ஓராயிரம் குறையுங்கள் என்று கேட்பவர் பொருளை உற்றுப் பார்த்திருக்கிறார். அவருக்கு அது வேண்டும். உங்கள் எதிரில் இருக்கும் உண்மையான வாங்குபவர் அவர்தான்.

அதனால் விளம்பரத்தின் கடைசி வரியில் இருக்கும் அந்த எச்சரிக்கையை எடுத்துவிடுங்கள். எதுவரை இறங்கலாம் என்பதை மனதில் முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். ‘கொஞ்சம் குறைச்சுக் கொடுப்பீங்களா?’ என்று செய்தி வந்தால், குறைக்க முடியாவிட்டாலும், ஏன் முடியாது என்று ஒரு வரி பதில் போடுங்கள்.